பருப்பு வேகிற கிணறு

நம் ஊழியர் சங்க மலருக்கு, 'ஓய்வுக்காலத்தை இன்பமாகக் கழிப்பது எப்படி' என்று ஒரு கட்டுரை வேண்டும் என்று உங்கள் செயலாளர் மூன்று கடிதம் போட்டுவிட்டார். மூன்றாவது கடிதத்தில், "தாங்கள் முழு ஓய்வில் இருப்பதால் நேரத்துக்குக் குறைவிருக்காது" என்று வேறு எழுதியிருக்கிறார். நேரமாம்! காலையில் இரண்டு குடம் தண்ணீர் சுமந்துவிட்டு வந்து, தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்று நாலு குடம். விருந்தாளி வந்திருந்தார்கள். அரசாங்கத்தில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவன் ஏன் தண்ணீர் சுமக்கிறான் என்பதுதான் இந்தக் கட்டுரை. இன்பம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு என்னைத் தெரிந்திருக்காது. நான் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன். வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், திருப்பத்தூர் என்று இந்தத் தோல் பதனிடுகிற ஊர்களையே சுற்றிச் சுற்றி வந்தேன். தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழி நாற்றத்தை வைத்தே அது யாருடைய டேனரி என்று சொல்வேன் என்று பெருமை அடித்துக்கொள்வேன். அந்தப் பெருமையின் லட்சணம் போகப் போகத் தெரியும்.

ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போதே ஊரிலுள்ள எல்லாரும் எனக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ஹோமியோபதி படிக்கச் சொன்னார். ஒருவர் கோழி வளர்க்கச் சொன்னார். எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற ஒருவர், "எதையும் திட்டமிடாதீர்கள்" என்று ஒன்றரை மணி நேரம் திட்டமிட்டுப் பேசினார். எல்லாரையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, டூர் புரோகிராம் எழுதுகிற காகிதத்திலேயே என் ஓய்வுக்காலத்தை நாலு கட்டம் போட்டு எழுதினேன். காலை ஐந்தரை, எழுதல். ஆறு, உலாவல். எட்டு, தோட்ட மேற்பார்வை. பத்து, பத்திரிகை. பன்னிரண்டு, சாப்பாடு. கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று தலைப்புக்கூட இருந்தது.

என் மனைவி சொர்ணம் அதை வாங்கிப் பார்த்தாள்.

"பன்னண்டு மணிக்குச் சாப்பாடுன்னு போட்டிருக்கீங்க. அது யாரு செய்யறது?"

"நீதான்."

"அப்ப எனக்கு ரிட்டயர்மெண்ட் இல்லையா?"

அவளே சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் வேணாம். கோழியும் வேணாம், காசியும் வேணாம். பருப்பு வேகுற தண்ணி இருக்கிற எடமாப் பார்த்து ஒரு வீடு கட்டுங்க. அது போதும்."

இது வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. டேனரிக்குப் பக்கத்தில் கிணறு இருந்தால் அதன் தண்ணீரில் உப்பு ஏறிவிடும். காலையில் அடுப்பில் ஏற்றிய துவரம் பருப்பு, நான் ஆபீசுக்குக் கிளம்பும் வரைக்கும் கூழாங்கல்லாகவே கிடக்கும். ஆப்பசோடா போட்டு வேக வைத்து, அந்தச் சாம்பாரைத் தின்று எங்கள் இருவருக்கும் வயிறு கெட்டதுதான் மிச்சம். எந்த ஊருக்கு மாற்றலானாலும் சொர்ணம் முதலில் பால் காய்ச்ச மாட்டாள். ஒரு பிடி பருப்பை வேகப் போட்டுப் பார்ப்பாள். முப்பது வருஷத்தில் பதினோரு வீடு. பதினோரு தடவையும் கரண்டியை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறக்கி வைத்திருக்கிறாள். ஊரார் வீட்டுக் கிணற்றையெல்லாம் சோதித்துச் சர்டிபிகேட் கொடுத்தவன் நான். என் வீட்டில் பருப்பு வேகவில்லை.

எனவே நிலம் தேடினேன். ஆம்பூரிலிருந்து மாதனூர் போகிற வழியில், யாரோ ஒருவர் வயலை மனைகளாகப் பிரித்து ஒரு நகர் என்று பெயர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த மனையில் ஒரு பழைய கவலைக் கிணறு. மாடு கட்டி இறைத்த காலத்துக் கயிறு தேய்ந்து கல்லில் தடம் விழுந்திருந்தது. கிணற்றுக் கல்லில் வெட்டியிருந்த வருஷம் நான் பிறப்பதற்கும் முந்தையது. தரகர் ஒரு வாளி இறைத்துக் கொடுத்தார். கூஜாவில் எடுத்து வந்து சொர்ணத்திடம் கொடுத்தேன். அவள் கத்தரிக்காய் நறுக்கி முடிப்பதற்குள் பருப்பு மலர்ந்துவிட்டது. கரண்டியால் ஒரு தடவை மசித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் வாங்கிக் கொடுத்த எந்தப் புடவைக்கும் அந்த முகம் வரவில்லை. மறுநாளே விலை பேசி முடித்து, ஓய்வு பெறுவதற்குள் வீடும் கட்டிவிட்டேன்.

அந்த மனையிலிருந்து பார்த்தால் கொஞ்ச தூரத்தில், முட்புதருக்கு நடுவே ஒரு அரைச்சுவர் தெரிந்தது. "அது இன்னா செவுரு?" என்று தரகரைக் கேட்டேன்.

"எவனோ மாட்டுக் கொட்டாய் கட்ட ஆரமிச்சு வுட்டுட்டுப் போய்ட்டான் சார்."

சரி என்று விட்டுவிட்டேன். புதருக்குள் நுழைந்து நூறு அடி நடந்திருந்தால் என்னவென்று தெரிந்திருக்கும். காலில் புதுச் செருப்பு. முள் ஏறிவிடுமே என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டேன். இதை நினைத்தால் இப்போதும் அந்தச் செருப்பாலேயே என்னை அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வழியனுப்பு விழா நடந்தது. இனிமேல் மணி பார்க்கத் தேவையே இல்லாதவனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தீர்கள். மாலை போட்டீர்கள். பேசச் சொன்னீர்கள். நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நேரில் போய்ப் பார்க்காமல் என் சர்வீசில் ஒரு கையெழுத்துக்கூட நான் போட்டதில்லை" என்று முழங்கினேன். பலமாகக் கைதட்டினீர்கள். முன்வரிசையில் இருந்த தேவராஜ் அதைக் குறித்துக்கொண்டதைக்கூடப் பார்த்தேன். அப்போதுதான் அந்தத் தம்பி என் இடத்துக்கு வந்து சார்ஜ் எடுத்திருந்தார்.

முதல் ஆறு மாதம் உண்மையாகவே நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதற்கும் சந்தோஷப்படாத ஆள் என்று நினைப்பீர்கள். காலையில் உலாவிவிட்டு வந்தால் மல்லிகைப் பந்தலுக்குத் தண்ணீர் இறைப்பேன். குடியாத்தத்திலிருந்து ஒரு நெசவுக் குடும்பம் பக்கத்து மனையில் வந்து தறி போட்டது. நூலுக்குக் கஞ்சி போட நல்ல தண்ணீர் வேண்டும் என்று அவர்களும் எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள். சொர்ணம் அவர்களுக்குக் கிணற்றின் பெருமையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். டூர் புரோகிராமை அடுப்பு பற்றவைக்கப் பயன்படுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை புதரை வெட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த வாரம் வண்டி வண்டியாகச் சுண்ணாம்பும் ஆவாரம் பட்டையும் வந்து இறங்கின. அதற்குப் பிறகுதான் ஐயா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அரைச்சுவருக்குப் பின்னால் வரிசையாகக் குழிகள். பதினெட்டு எண்ணினேன். சுண்ணாம்புக் குழியை மோப்பத்திலேயே கண்டுபிடிக்கிறவன், மாட்டுக் கொட்டாய்க்கும் டேனரிக்கும் வித்தியாசம் தெரியாமல் அதன் பக்கத்தில் வீடு கட்டியிருக்கிறேன்.

டேனரி முதலாளி கரீம் சாயபு மரியாதையான மனிதர். என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். "இது எங்க பெரியவர் யுத்த காலத்துல வாங்கின லைசென்ஸு சார். பட்டாளத்துக்கு பூட்ஸ் தோலு கேட்டாங்க, கட்ட ஆரமிச்சோம். யுத்தம் நின்னுது, ஆர்டரும் நின்னு போச்சு. ஆனா லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிச்சுட்டுத்தான் வர்றோம். இப்ப வெளிநாட்டு ஆர்டர் ஜாஸ்தியா வருது, அதான் திறக்கறோம்."

"இங்க குடிதண்ணிக் கிணறு இருக்குதே! எவன் கொடுத்தான் லைசென்ஸு?"

"அதெல்லாம் ஆபீசுல இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனு எழுத உட்கார்ந்தேன். முப்பது வருஷம் மற்றவர்கள் மனுவைப் படித்துப் படித்து வெறுத்துப்போனவன் எழுதுகிற மனு எப்படி இருக்கும்? ஏழு பக்கம். விதிகள், தூரம், தண்ணீர் மட்டம், காற்றடிக்கும் திசை எல்லாம் வந்தது. 'இந்த இடத்தைப் பார்வையிட்டு அனுமதி வழங்கிய அதிகாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாரா?' என்று ஒரு கேள்வியும் கேட்டேன். அந்த வாக்கியத்தைச் சொர்ணத்துக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கடைசியில் 'ஓய்வுபெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பத்து நாள் கழித்து தேவராஜ் சைக்கிளில் வந்தார். நாடா வைத்துக் கிணற்றிலிருந்து குழி வரைக்கும் அளந்தார். கிணற்றுக் கல்லில் இருந்த வருஷத்தைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். பையன் நன்றாக வேலை செய்கிறான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு கூடத்தில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை.

"இன்னாப்பா, கூச்சப்படற? எந்த மேதாவி எழுதினான்? சொல்லு."

"நீங்கதான் சார்."

ஃபைலை என் பக்கம் திருப்பினார். ஆங்கிலத்தில் நாலே வரி. தமிழில் சொன்னால் இதுதான்: 'இவ்விடத்தை நேரில் சென்று பார்வையிட்டேன். சுற்றிலும் குடியிருப்போ குடிநீர்க் கிணறோ இல்லை. இனி ஏற்படவும் வாய்ப்பில்லை. ஆட்சேபணை இல்லை.' கீழே என் கையெழுத்து. அந்தக் காலத்தில் கையெழுத்துக்கு அடியில் ஒரு சுழி போடுவேன். அந்தச் சுழியும் இருந்தது.

இடத்தை சர்வே நம்பராக மட்டும் எழுதியிருந்தேன். மனை போட்டபோது பெயரும் நம்பரும் மாறிவிட்டன. ஆனால் நம்பர் மாறினால் என்ன, ஒரு தடவை பார்த்த இடம் மறந்துபோகுமா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. பார்த்தால்தானே மறப்பதற்கு! நான் அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

அது சித்திரை மாதம். ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்க வேண்டும். நாலு பார்த்துவிட்டேன். ஐந்தாவதுக்கு மாதனூரிலிருந்து ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஊர்க் கணக்குப்பிள்ளை மோர் கொடுத்து, "அங்க ஒண்ணும் இல்லீங்க, கள்ளியும் முள்ளும்தான்" என்றார். எனக்கு முதன்முதலில் வேலை கற்றுக்கொடுத்த மேலதிகாரி ஒருவர் அடிக்கடி சொல்வார்: "மேலே இருக்கிறவன் திருப்பிக் கேள்வி கேட்காத மாதிரி எழுதுவதுதான் நல்ல ரிப்போர்ட்." அந்தப் பாடத்தைச் சிரத்தையாகப் பின்பற்றினேன். கிணறு இல்லை என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். 'இனி ஏற்படவும் வாய்ப்பில்லை' என்று சேர்த்தால் என்றைக்குமே கேட்கமாட்டார்கள். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தேவராஜ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்க அன்னிக்குப் போய்ப் பாத்தீங்களா சார்? ஏன்னா, பாத்துட்டுத்தான் எழுதினதுன்னா லைசென்ஸு சரிதான். அதுக்கப்புறம் வந்து வீடு கட்டினவங்க ஒண்ணும் பண்ண முடியாது. பாக்காம எழுதினதுன்னு ஆனாத்தான் மறுபடி விசாரிக்க வழி இருக்குது."

சொர்ணம் காபி டம்ளர்களோடு கதவருகில் வந்து நின்றாள். எதிரே என் வழியனுப்புப் பேச்சைக் குறித்துக்கொண்ட பையன். சுவரில் நீங்கள் கொடுத்த கடிகாரம். ஓய்வு பெற்றவனுக்கு நாற்காலி இல்லை, சீல் இல்லை, கூப்பிட்டால் ஓடிவர பியூன் இல்லை. பேர் ஒன்றுதான் மிச்சம். அதையும் இந்தப் பையன் முன்னால் அவிழ்த்துப் போடுவதா?

"போனேன்பா. கிணறு முள்ளுக்குள்ள மறைஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

சொர்ணம் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள்.

"மாடு கட்டி எறைச்ச கிணறு இது. கவலைக் கல்லு ரெண்டும் ஆள் ஒசரம் நிக்குது. இதை மறைக்கிற முள்ளு எங்க மொளைக்குதுன்னு கொஞ்சம் காட்டுங்க."

"யாருக்கும் தெரியாது, சொர்ணம்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"பேர் கெட்டுப்போயிடும்டீ."

"உங்க பேரைப் போட்டு ஒலை வெச்சா பருப்பு வேகுமா?" என்று கேட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கோபம் அவள் மேல் இல்லை, ஆனால் காட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. மூன்றாம் நாள் காலை ஆபீசுக்குப் போனேன். 'அன்றைய தினம் நான் அந்த இடத்துக்குப் போகவில்லை. போனதாக எழுதியது பொய். இரண்டு நாள் முன்பு போனதாகச் சொன்னதும் பொய்' என்று என் கைப்பட எழுதித் தேவராஜிடம் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார்.

"சார், இது மேல வரைக்கும் போகும். எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும்பா. மனுவை ஏழு பக்கம் எழுதினேன். அதைவிட இதைச் சீக்கிரம் படிச்சு முடிச்சுடலாம்."

எங்கே சீக்கிரம்! அந்த மூன்று வரியை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்த்த உங்களுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. அதில் பாதி மேஜைகளில் இருந்தவர்கள் நான் வேலை பழக்கிய ஆட்கள். விளக்கம் கேட்டார்கள், விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். ஒரு கடிதத்தில், நான் 'பார்வையிடாமல் இருந்ததற்கு' ஆதாரம் கேட்டிருந்தார்கள். கடைசியில் மூன்று அதிகாரிகள் நேரில் வந்து, வெயிலில் நடந்து பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக் குழிகளை மூட வேண்டும், கழிவுநீரைக் கல் பாவிய வாய்க்காலில் குடியிருப்பு இல்லாத பக்கம் திருப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. டேனரிக்கு அந்தப்புறம் உள்ள தெருவின் கிணறு அதனால் தப்பித்தது. எங்கள் கிணற்றுக்கு உத்தரவு தாமதமாகிவிட்டது. உத்தரவு வருவதற்கு முந்தைய மாதமே ஒருநாள் சொர்ணம் கரண்டியை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பானையை இறக்கி வைத்தாள். பன்னிரண்டாவது தடவை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

குழிகளை மூடிய பிறகு கரீம் சாயபு வீட்டுக்கு வந்தார்.

"உங்களால எனக்கு ரொம்ப பேஜார் சார். பரவாயில்லை. ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எங்க பெரியவர் உங்களுக்காக அங்கேயே குடை புடிச்சுக்கிட்டு நின்னாராம். பிரியாணி, இளநி எல்லாம் கொண்டுட்டுப் போய் சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாராம். நீங்க வரலை. நாலு நாள் பொறுத்து, 'நேர்ல பார்த்தேன்'னு பேப்பர் மட்டும் வந்துச்சு. சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும் சார்."

யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து இரண்டு நாள் மனைவியோடு பேசாமல் இருந்தவன் நான். விழாவில் மார்தட்டினேனே, அந்த மேடைக்கு வெளியே தெருவில் நின்றவர்கள்கூடச் சிரித்திருப்பார்கள். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சாயபு எழுந்திருக்கும்போது, "நல்ல தண்ணிக்கு நம்ம வண்டியை தினம் அனுப்பறேன் சார், ரெண்டு பீப்பா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது: "வேணாம் பாய். அவரே போய்க் கொண்டாரட்டும்."

கட்டுரை இவ்வளவுதான். கோழி வளர்ப்பதும் ஹோமியோபதியும் உங்கள் பாடு. ஓய்வுக்கு முன்னேற்பாடு என்று என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். இப்போது உங்கள் மேஜை மேல் 'நேரில் பார்வையிட்டேன்' என்று எழுதித் தயாராக இருக்கிற காகிதங்களில், போகாத இடம் எது என்று உங்களுக்கே தெரியும். பேனாவை மூடிவிட்டுச் சைக்கிளை எடுங்கள். வெயில் தாழட்டும் என்று உட்காராதீர்கள். யாராவது மோர் கொடுத்தால் குடித்துவிட்டு, அதற்குப் பிறகும் போங்கள்.

என் சமாசாரம்: தப்பித்த அந்தத் தெருக் கிணற்றுக்கு நான் போகிற வழி அந்த டேனரிச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. போகும்போது மூடிய குழிகளைப் பார்க்கிறேன், வாய்க்கால் கல் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். திரும்பும்போது குடத்தோடு நின்று இன்னொரு தடவை பார்க்கிறேன். மழை பெய்தாலும் ஒரு நாள் விட்டதில்லை. விடவும் முடியாது. விடிந்ததும் சொர்ணம் பருப்பைக் களைந்து வைத்துவிட்டு, இரண்டு குடங்களையும் வாசலில் கொண்டுவந்து வைத்துக் குரல் கொடுக்கிறாள்:

"இன்ஸ்பெக்டர் சார், எழுந்திருங்க. எடத்தை நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க."